தனிச் சங்கம் எந்த வாசலைப் பார்க்கிறது?
கறுப்பின மாணவர் அமைப்புகளின் நூற்றாண்டும் சுவிஸ் தமிழ் மாணவரும்

சூரிச் நகரின் மேற்கு எல்லையைத் தாண்டியதும் வருகிற ஷ்லீரன், பல பத்தாண்டுகள் ரயில் பெட்டிகளும் மின்தூக்கிகளும் செய்து வாழ்ந்த ஊர். "வாகி" என்று ஊரார் அழைத்த அந்தத் தொழிற்சாலை 1985இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில் இன்று உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களும் சூரிச் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுக்கூடங்களும் இயங்குகின்றன. ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்டவர்கள். ஈழத்திலிருந்து வந்து லிம்மாற் பள்ளத்தாக்கில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. பல்கலைக்கழகம் ஊருக்குள் வந்துவிட்டது. ஊரின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் போகிறார்களா, போனவர்கள் அங்கே யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பது இன்னும் விடை காணாத விடயம்.

சிறுபான்மை மாணவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி உலகில் பழையது. அதற்கு மிக நீண்ட, மிக விரிவான விடைகளைத் தந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால் மூன்று நிலைப்பாடுகள் தெரிகின்றன. தனிச் சங்கம் பிரிக்கிறது என்பது ஒன்று. அது பாலமாகிறது என்பது இன்னொன்று. அதன் உண்மையான வேலை பல்கலைக்கழகத்தையே மாற்றுவது என்பது மூன்றாவது. இந்தக் கட்டுரை மூன்றையும் அவற்றின் ஊற்றோடும் ஓட்டைகளோடும் பார்க்கிறது. பிறகு, சுவிற்சர்லாந்தில் படிக்கும் தமிழ் மாணவருக்கு அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்கிறது.

அறை கிடைக்காதவர்களின் சங்கம்

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1904–05 கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர் ஆறு பேர். அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கதி தங்களுக்கும் நேரக்கூடாது என்று கூடிப் படிக்கும் வட்டம் ஒன்றை அமைத்தார்கள். அதுவே 1906 டிசம்பர் 4 அன்று அல்பா பை அல்பா என்ற சகோதரச் சங்கமாக உருவெடுத்தது. லண்டனில் 1925இல் சட்டம் பயின்ற நைஜீரியரான லடிப்போ சொலாங்கே முன்னின்று மேற்கு ஆபிரிக்க மாணவர் ஒன்றியத்தைத் தொடங்கினார். வீட்டுக்காரர்கள் கறுப்பருக்கு அறை தர மறுத்த நகரம் அது. ஒன்றியம் 1930களில் தனக்கென ஒரு விடுதியையே நடத்தியது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல. சென்னையில் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பது அரிதாக இருந்த 1910களில், மருத்துவர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். 1940களில் கும்பகோணம் அரசு கல்லூரி விடுதியில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பானை என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்த மாணவர்களிடமிருந்தே திராவிட மாணவர் கழகம் பிறந்தது.

கோர்னெல், லண்டன், சென்னை, கும்பகோணம் ஆகிய நான்கிலும் வரிசை ஒன்றுதான். முதலில் கட்டில், சோறு, தண்ணீர், பாடக்குறிப்பு. பிறகு சங்கம். கொள்கை அதற்கும் பிறகு. "இவர்கள் ஏன் ஒதுங்கிப்போய்ச் சங்கம் வைக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். ஆனால் பிறப்புக் காரணம் நியாயமாக இருந்ததால் மட்டும் ஒரு நிறுவனம் என்றைக்கும் நியாயமாகிவிடாது. இன்று இனம் பார்த்து அறை மறுப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. விடுதியில் ஒரே குழாய். அப்படியானால் தனிச் சங்கம் எதற்கு என்பது உள்ளபடியே பதில் சொல்லவேண்டிய கேள்வி.

கலந்துவிடு என்போர்

தனிச் சங்கத்தை மறுத்தவர்கள் எல்லோரும் கறுப்பருக்கு எதிரிகள் என்று நினைத்தால் வரலாறு விளங்காது. கெனத் கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளரின் பொம்மைச் சோதனைகள், பள்ளிகளில் இனப்பிரிப்பைச் செல்லாததாக்கிய 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டவை. அதே கிளார்க், அன்ரியோக் கல்லூரி வெள்ளையரைச் சேர்க்காத கறுப்பினக் கல்வித் திட்டத்துக்கு இடம் கொடுத்தபோது, 1969இல் அக்கல்லூரியின் ஆட்சிக்குழுவிலிருந்து விலகினார். எந்தச் சுவரை இடிக்க வாழ்நாளைக் கொடுத்தாரோ அதைக் கறுப்பின மாணவர்களே மறுபடி எழுப்புகிறார்கள் என்று அவர் கண்டார். 1963 வாஷிங்டன் பேரணியை ஒழுங்குசெய்த பயர்ட் ரஸ்டினும் ஏறக்குறைய அதே நிலையில் நின்றார்.

இந்த மனச்சாட்சிக்கு அறிவியல் உருவம் போலத் தோன்றியது வின்சென்ற் ரின்ரோவின் கோட்பாடு. 1975இல் கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் அவர் முன்வைத்தது இது: பல்கலைக்கழகத்தின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் கலந்துவிட்ட மாணவர் நிலைப்பார், கலக்காதவர் இடையில் விலகுவார். பழைய சமூகத்தை விட்டுப் பிரிந்து புதியதில் சேரும் சடங்குபோல அவர் கல்லூரி நுழைவைக் கண்டார். அந்தக் கண்ணுக்குத் தனிச் சங்கம் பிரிவைத் தள்ளிப்போடும் தடையாகத் தெரிவது இயல்பு.

இதைவிட வலுவான சான்று பின்னர் வந்தது. ஜிம் சிடானியசும் அவருடைய குழுவும் லொஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1996இல் சேர்ந்த மாணவர்களை நான்காண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இனம்சார் சங்கங்களில் சேர்ந்த சிறுபான்மை மாணவரிடம் "எங்கள் இனம் வஞ்சிக்கப்படுகிறது" என்ற உணர்வும், ஒரு குழு பெறுவது மற்றதற்கு இழப்பு என்ற எண்ணமும் கூடின என்று 2004இல் வெளியிட்டார்கள். ஒரு தடவை கேட்டு எழுதிய ஆய்வல்ல அது. சேருமுன் இருந்த மனநிலையையும் கணக்கில் எடுத்தது. தனிச் சங்கத்தை ஆதரிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விட முடியாது.

ஆனாலும் இரண்டு விடயங்களை மறந்துவிட்டுத்தான் இந்த ஆய்வு பெரும்பாலும் மேற்கோளாகிறது. முதலாவது, வெள்ளை மாணவர் பெருவாரியாக இருக்கும் சகோதரச் சங்கங்களும் தங்கள் உறுப்பினரிடம் அதே இன மோதல் உணர்வை வளர்த்தன என்பதும் அந்த ஆய்வின் முடிவுதான். "இனம்சார் சங்கம்" என்ற சொல் கறுப்பரையும் லத்தீன் அமெரிக்கரையும் மட்டும் குறிக்காமல் வெள்ளையரையும் குறிக்கவேண்டும் என்று அந்தத் தரவே சொல்கிறது. இரண்டாவது, அந்த மாணவர்கள் சேர்ந்த 1996 நவம்பரில்தான் கலிபோர்னியா மாநிலம் வாக்கெடுப்பு மூலம் இன அடிப்படையிலான சேர்க்கைச் சலுகையை ஒழித்தது. தங்கள் தம்பி தங்கைகளின் முகத்தில் வாசல் மூடுவதை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனக்குறை வளர்ந்தது என்பது அளவிடப்பட்டது. அந்த மனக்குறை பிழையானது என்பது அளவிடப்படவில்லை.

பாலம் என்போர்

ரின்ரோவுக்கு மறுப்பு அவருடைய துறைக்குள்ளிருந்தே வந்தது. மூர்கியா, பாடில்யா, பவெல் மூவரும் 1991இல் எழுதிய கட்டுரை, பெரிய பல்கலைக்கழகத்தில் யாருமே முழுப் பல்கலைக்கழகத்தோடு கலப்பதில்லை என்று சுட்டியது. எல்லோரும் ஏதோ ஒரு சிறு வட்டத்தில் நுழைந்து அதன் வழியாகவே பெரியதை அடைகிறார்கள். வெள்ளை மாணவருக்கு அந்த வட்டம் படகுக்குழுவாக இருக்கலாம். மற்றவருக்கு இனச் சங்கம். அடுத்த ஆண்டு வில்லியம் ரியர்னி இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டார். சொந்தப் பண்பாட்டுக்குள்ளேயே ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் சடங்கு. பழங்குடி மாணவரிடம் உன் பண்பாட்டை விட்டுவிட்டு எங்களுடையதில் சேர் என்று சொல்வதற்குச் சடங்கின் பெயரைக் கொடுக்க முடியாது என்றார்.

பெவர்லி டானியல் ரேற்றம் 1997இல் எழுதிய நூல், உணவுக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகள் ஏன் ஒரே மேசையில் உட்காருகிறார்கள் என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தது. வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள், அது கண்ணில் படுவதில்லை என்பது அவருடைய பதிலின் ஒரு பகுதி. சான் ஹார்ப்பரும் ஸ்ரீபன் குவேயும் 2007இல் கறுப்பின மாணவத் தலைவர்கள் 32 பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் கறுப்பினச் சங்கத்தில் பழகிய தலைமையைப் பொதுச் சங்கங்களுக்கும் எடுத்துப்போனதைக் காட்டினார்கள். சாமுவேல் மியூசியஸ் 2008இல் ஆசிய அமெரிக்க மாணவரிடமும் கறுப்பின மாணவரிடமும் இதே போக்கைக் கண்டார்.

இந்த வாதத்தின் பலவீனம் அது தெரிந்தெடுத்த ஆட்களில் இருக்கிறது. பேட்டி கொடுத்தவர்கள் பெரும்பாலும் தலைவர்கள், நிலைத்து நின்றவர்கள், சங்கத்தால் பயன் பெற்றவர்கள். சங்கத்துக்குப் போய்ப் பிடிக்காமல் திரும்பியவரும், படிப்பையே விட்டுப் போனவரும் அந்த அறையில் இல்லை. பாலத்தைக் கடந்தவர்களிடம் மட்டும் பாலத்தைப் பற்றிக் கேட்டால் அது உறுதியானது என்றுதான் சொல்வார்கள். இன்னொரு குறையும் உண்டு. பாலம் என்ற உவமையில் மறுகரை அசையாமல் இருக்கிறது. மாணவர் கடந்துபோகவேண்டும், பல்கலைக்கழகம் காத்திருக்கும். மூன்றாவது நிலைப்பாடு இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

மறுகரையையும் அசை என்போர்

சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் நீக்ரோ மாணவர் சங்கம் என்றிருந்தது 1966இல் கறுப்பின மாணவர் ஒன்றியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது; அந்தப் பெயரில் அமைந்த முதல் அமைப்பு அதுவே என்பர். ஒன்றியத்தினர் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். தங்கள் வரலாறு பாடத்திட்டத்தில் இல்லாததைக் கண்டு தாங்களே வகுப்புகள் நடத்தினார்கள். பிறகு லத்தீன் அமெரிக்க, ஆசிய, பழங்குடி மாணவரோடு சேர்ந்து மூன்றாம் உலக விடுதலை முன்னணியாகி, 1968 நவம்பர் 6 முதல் 1969 மார்ச் 20 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் மிக நீண்ட மாணவர் வேலைநிறுத்தம் அது. முடிவில் கறுப்பின ஆய்வுத் துறையும் இனங்கள் பற்றிய ஆய்வுக்கென ஒரு தனிப் புலமும் கிடைத்தன. சிறுபான்மை மாணவர் சேர்க்கையைக் கூட்டும் உறுதியும் கிடைத்தது. ஒரு மாணவர் சங்கம் ஒரு கல்விப்புலத்தையே பெற்றெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

தனிச் சங்கம் பிரிக்கிறது என்ற வாதத்தை இந்த நிகழ்வோடு வைத்துப் பார்க்கவேண்டும். தனியாக நின்றவர்கள்தான் நான்கு இனத்தாரை ஒரே முன்னணியில் சேர்த்தார்கள். தனியாக நிற்பதும் சேர்ந்து நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற கருத்து அந்த நாலரை மாதத்தில் உடைந்தது.

இந்தியாவில் இதற்கு நேர் ஒப்புமை தலித் மாணவர் அமைப்புகள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் 2014இல் தொடங்கியது. இவற்றின் கதை மூன்றாவது நிலைப்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. பெயர் குறிப்பிடாத ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அமைச்சு வழியாக வந்ததும், 2015 மே மாதத்தில் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் ஜூனில் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர் மாய்த்தார். பல்கலைக்கழகத்தை மாற்றப் புறப்படும் சங்கத்தின் கயிறு பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருக்கிறது. அறை, நிதி, அறிவிப்புப் பலகை, அங்கீகாரம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. அமெரிக்காவிலும் இன்று அதே நிலை. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்ற 2023 ஜூன் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சில மாநிலங்கள் இன்னும் தூரம் போயின. யூட்டா பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பண்பாட்டு மையம் மாநிலச் சட்டம் ஒன்றின் பேரில் 2024இல் மூடப்பட்டது. வென்றது என்று எழுதப்பட்ட போராட்டம் 50 ஆண்டு கழித்துத் திரும்பவும் தொடக்கத்தில் நிற்கக்கூடும்.

சூரிச் முன்பே கண்டது

அமெரிக்காவுக்குப் போகாமலே இந்தக் கேள்வியைச் சூரிச்சில் பார்க்கலாம். இங்கே 1867இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் நதேஷ்தா சுஸ்லோவா, ருஷ்யர். அவர் வழியில் 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 100 ருஷ்யப் பெண்கள் சூரிச்சில் படித்தார்கள். ஒபெர்ஸ்ற்றாஸ் பகுதியில் தங்கி, பொதுச் சமையல் செய்து, தங்களுக்கென்று ஒரு நூலகத்தை நடத்தினார்கள். அவர்களில் வேரா பிக்னரும் சோபியா பர்தினாவும் இருந்த வாசிப்பு வட்டம் பின்னாளில் ருஷ்யப் புரட்சி இயக்கத்தில் பெயர் பெற்றது. 1873இல் சார் மன்னரின் அரசு ஆணை பிறப்பித்தது: 1874 ஜனவரிக்குப் பின்னும் சூரிச்சில் படிக்கும் பெண்களுக்கு ருஷ்யாவில் தேர்வெழுதவோ வேலை பார்க்கவோ இடமில்லை. கூட்டம் கலைந்தது.

இந்தச் சிறு வரலாற்றில் மூன்று நிலைப்பாடுகளுக்கும் சான்று கிடைக்கிறது. ருஷ்யப் புரட்சிச் சிந்தனையாளர்களான லவ்ரோவ், பக்கூனின் இருவரின் தரப்புகளும் நூலகத்தை யார் ஆள்வது என்று சண்டையிட்டு உடைந்தன. தாய்நாட்டுப் பிளவு படிக்க வந்த ஊரிலும் தொடர்ந்தது. அந்த வட்டம் இல்லாதிருந்தால் மொழி தெரியாத ஊரில் பலர் மருத்துவ வகுப்பில் நிலைத்திருப்பது கடினமாக இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நியப் பெண்கள் திறந்த வாசல் வழியே சுவிஸ் பெண்கள் நுழைந்தார்கள். நாட்டின் முதல் பெண் மருத்துவரான மரீ ஹைம்-வோக்ட்லின் 1874இல் இங்கேதான் முனைவரானார். வெளியாரின் தனி வட்டம் உள்ளூராருக்கும் நன்மை செய்தது.

தமிழருக்கும் அந்த நகரில் ஒரு பழைய தடம் உண்டு. திருவனந்தபுரத்துத் தமிழரான செண்பகராமன் பிள்ளை முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். இந்திய விடுதலைக்கு ஆதரவான சர்வதேசக் குழு ஒன்றை இங்கிருந்து நடத்தினார். போர் தொடங்கியதும் பெர்லினுக்குப் போனார். அவருடைய சங்கத்தின் முகம் முழுக்கத் தாய்நாட்டை நோக்கியிருந்தது. சூரிச் அவருக்கு நின்று பேசும் மேடை. தான் படித்த கல்லூரியை மாற்றுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை.

ஒப்புமை முறியும் இடம்

சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் வாழ்கிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 1983க்குப் பிறகு வந்த இளைஞர்களில் பலர் உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். பொங்கல் விழா, நடனம், நினைவேந்தல் என்று கூடுகிறார்கள். இவற்றைக் குறைத்துப் பேசுவது நேர்மையல்ல. கோர்னெலின் சங்கமும் கூடிப் படிக்கும் ஒரு சிறு வட்டமாகத்தான் தொடங்கியது. கேள்வி அதற்கடுத்த அடியைப் பற்றியது. அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இங்கே வலுவான காரணங்கள் உண்டு.

மாணவர் அமைப்பு என்ற சொல் தமிழரிடையே எதை நினைவூட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகம் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சாதி ஒழிப்பையும் முழு விடுதலையையும் பேசியது. அரை நூற்றாண்டு கழித்து, மருத்துவப் படிப்புக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மாணவருக்கு 229 புள்ளியும் என்று வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல் காலத்தில், 1970இல் தமிழ் மாணவர் பேரவை எழுந்தது. பல்கலைக்கழக வாசலில் தொடங்கிய அந்தப் போராட்டம் எங்கே போய் முடிந்தது என்பதை அந்தத் தலைமுறை தன் உடலில் சுமக்கிறது. புலம்பெயர்ந்த பெற்றோர் "சங்கம் கிங்கம் வேண்டாம், படிப்பைப் பார்" என்று சொன்னால் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. மறுபுறம், சங்கம் வைத்தால் அது தாயகத்துக்காகவே இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதே வரலாற்றிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில், இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்கும் இடம் குறுகிப்போகிறது.

அடுத்த வேறுபாடு எண்ணிக்கை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் மாணவரில் எத்தனை பேர் கறுப்பர் என்று கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கை வைத்தே கறுப்பின மாணவர் ஒன்றியம் வாதாடியது. சுவிஸ் உயர்கல்விப் புள்ளிவிபரம் குடியுரிமையையும், வெளிநாட்டு மாணவர் எங்கே பள்ளிப் படிப்பை முடித்தார் என்பதையும் பார்க்கிறது, இனத்தைப் பார்ப்பதில்லை. சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டு வாங்கிய நாளோடு ஒரு தமிழ் மாணவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். ஐரோப்பாவில் இனக் கணக்கெடுப்பு எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்தவர்கள் இந்த மௌனத்தை மதிப்பார்கள். ஆனால் கணக்கில்லாத இடத்தில் தாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல மாணவருக்குச் சங்கத்தைத் தவிர வேறு கருவி இல்லை.

இனத்தைக் கணக்கெடுக்காத இதே நாடு ஒரு காலத்தில் இனத்தை அளந்து தீராத நாடு. பாசல் நகரத்துப் பால் சரசினும் பிரிட்ஸ் சரசினும் 1880களில் இலங்கையில் தங்கி வேடர், தமிழர், சிங்களவர் என்று மனிதரை அளந்தார்கள், எலும்புகளைச் சேர்த்தார்கள். வேடரை மனித வளர்ச்சியின் தொடக்கப் படியில் நிறுத்தும் பெருநூலை 1890களில் வெளியிட்டார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ருடோல்ப் மார்ட்டின் எழுதி 1914இல் வந்த மானிடவியல் பாடநூல், மண்டையோட்டை எப்படி அளப்பது என்று உலகுக்கே கற்றுக்கொடுத்தது. சரசின்களின் கதையை வரலாற்றாசிரியர் பேர்ன்ஹார்ட் ஷேர் 2015இல் நூலாக எழுதியிருக்கிறார். நெஷாத்தலில், இனவாதக் கோட்பாட்டாளரான லூயி அகாசியின் பெயர் தாங்கிய பல்கலைக்கழக முகவரி, 1971இல் நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பினப் பெண் தீலோ பிரேயின் பெயருக்கு 2019இல் மாறியது. சான் பிரான்சிஸ்கோ மாணவர் கேட்ட "எங்கள் வரலாறு எங்கே?" என்ற கேள்விக்கு சுவிஸ் தமிழ் மாணவரிடம் இவ்வளவு நேரடியான மூலப்பொருள் இருக்கிறது. பாசலின் சேகரிப்பில் இருப்பது அவர்களுடைய முன்னோர் வாழ்ந்த தீவின் மனிதர்கள். இதைக் கையிலெடுப்பதைவிடப் பெரிய ஆய்வுப் பணி ஒரு தமிழ் மாணவர் வட்டத்துக்கு இருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

மிகப் பெரிய வேறுபாடு வாசல் இருக்கும் இடம். அமெரிக்காவில் தெரிவு 18 வயதில், பல்கலைக்கழக வாசலில் நடக்கிறது. சூரிச் மாநிலத்தில் அது 12 வயதில் தொடங்குகிறது. ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஜெர்மனிலும் கணிதத்திலும் தேர்வெழுதி, பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளியான கிம்னாசியத்துக்குப் போகவேண்டும். எழுதுபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறுகிறார்கள். தேறியவருக்கும் அரையாண்டுப் பரீட்சார்த்த காலம் உண்டு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு வாய்ப்பு வரும். நாடு முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளே கிம்னாசிய மத்தூரா என்ற இறுதிச் சான்றைப் பெறுகிறார்கள். அதைப் பெற்றவர்களுக்கு, மருத்துவம் போன்ற சில துறைகள் நீங்கலாக, எந்தப் பல்கலைக்கழகமும் திறந்த வீடு. சூரிச் ஏரிக்கரையின் செல்வந்த ஊர்களிலிருந்து கிம்னாசியம் போகும் பிள்ளைகளின் விகிதமும் ஷ்லீரன், டீற்றிக்கோன் போன்ற லிம்மாற் பள்ளத்தாக்கு ஊர்களின் விகிதமும் வெகு தூரம் விலகி நிற்கின்றன. தனியார் பயிற்சி வகுப்புக்குப் பணம் இருக்கிறதா, வீட்டில் ஜெர்மன் கட்டுரையைத் திருத்த ஆள் இருக்கிறதா என்பவை அங்கே வேலை செய்கின்றன.

எனவே பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கம், இந்த நாட்டில், வடிகட்டி முடிந்த பிறகு வந்து சேர்கிறது. உள்ளே வந்த சிலருக்கு அது துணையாகலாம். வராதவர்களைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இராது. கறுப்பின மாணவர் இயக்கத்திலிருந்து சுவிஸ் தமிழ் மாணவர் எடுத்துக்கொள்ளவேண்டியது வேலைநிறுத்தத்தை அல்ல; அதற்கு முன்பு பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்திய பாட வகுப்பை. சூரிச்சின் உன்ரெர்ஸ்ற்றாஸ் கிம்னாசியத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயாராக்கும் ஷகால் என்ற திட்டம் 2008 முதல் நடக்கிறது. ஆசிரியர்கள் தொடங்கியது அது. அதே பாதையைக் கடந்துவந்த மாணவர்கள் சேரும்போது அதற்கு இன்னொரு பலம் கிடைக்கும்.

எதிர்வாதங்கள்

கிம்னாசியத்தை இப்படித் தூக்கிப் பிடிப்பதே பிழை என்று சுவிஸ் கல்வியை அறிந்தவர்கள் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்கு இளையோர் தொழிற்பயிற்சிக்குப் போகும் நாடு இது. தொழில் மத்தூரா வழியே உயர்தொழிற் கல்லூரிக்கும், மேலும் ஒரு தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். இந்த வாதத்தில் உண்மை உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் மருத்துவராக்கத் துடிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தேவையான பாடமும்கூட. ஆனால் தொழிற்பயிற்சி விருப்பமாக இருக்கும்போதுதான் அது மதிப்புக்குரிய பாதை. ஒரு ஊரின் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு பாதையிலும், ஏரிக்கரைப் பிள்ளைகள் பெரும்பாலும் மற்றதிலும் போனால், விருப்பம் என்ற சொல்லால் மட்டும் அதை விளக்கிவிட முடியாது.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் உள்ளிருந்து வருகிறது. "தமிழ் மாணவர்" என்ற குடையின் கீழ் யார் நனைகிறார்கள்? பேர்ண் வட்டாரத் தமிழரிடையே மானிடவியலாளர் டமாரிஸ் லூத்தி செய்த ஆய்வு, புலம்பெயர்ந்த பிறகும் சாதி எண்ணம் திருமணத்திலும் உறவிலும் தொடர்வதைக் காட்டியது. மலையகத் தமிழர், முஸ்லிம்கள், தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்கு வரும் மாணவர் ஆகியோருக்கு அந்தக் குடையில் இடம் எப்படி? தலித் மாணவர் அமைப்புகள் இந்திய வளாகங்களில் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு விடையே, பொதுப் பெயர் கொண்ட சங்கங்கள் அவர்களைப் பார்க்கவில்லை என்பதுதான். கறுப்பினச் சங்கங்களுக்குள்ளும் பெண்கள் இதே குற்றச்சாட்டை வைத்தார்கள். வெள்ளையரின் ஒதுக்கலைப் பற்றிப் பேசும் சங்கம் தன் வீட்டு ஒதுக்கலைப் பற்றிப் பேசாவிட்டால் அதன் தார்மீக உரிமை பாதியாகிவிடும்.

திறந்தே இருப்பவை

மூன்று நிலைப்பாடுகளில் முதலாவது, தனிச் சங்கம் தன்னளவில் பிரிக்கிறது என்பது, சான்றின் முன் பெரிதும் தளர்ந்துவிட்டது. இரண்டாவதற்கு ஆதரவு கூடுதல். ஆனால் அதன் சான்று வென்றவர்களின் வாக்குமூலம். மூன்றாவது மிகப் பெரிய பயனைக் காட்டியது, மிக எளிதில் பறிபோகக்கூடியதும் அதுவே. சங்கம் தனியா பொதுவா என்று கேட்பதைவிட, அது எந்த வாசலைப் பார்த்து நிற்கிறது என்று கேட்பது பயனுள்ளது என்பது என் மதிப்பீடு.

இந்த மதிப்பீடும் முடிந்த முடிவல்ல. ஐரோப்பியத் தமிழ் மாணவர் சங்கங்களின் உறுப்பினரை, லொஸ் ஏஞ்சலசில் செய்ததுபோல், சேருமுன் தொடங்கிப் பட்டம் வரை பின்தொடரும் ஆய்வு தேவை. விலகிப் போனவர்களையும் அது தேடிப் பேசவேண்டும். இனக் கணக்கு இல்லாத நாட்டில், யாரையும் பட்டியலிடாமல் சமமின்மையை எப்படிக் காட்டுவது என்பதும் தீராத சிக்கல். மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் என்ற அடையாளம் சங்கம் வைக்கும் அளவுக்குப் பொருள் தருமா, அல்லது லிம்மாற் பள்ளத்தாக்கின் அல்பானிய, துருக்கியப் பிள்ளைகளோடு சேர்ந்த வேறொரு முன்னணி உருவாகுமா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

ஆனால் ஒரு வேலைக்கு ஆய்வு முடிவு வரக் காத்திருக்கவேண்டியதில்லை. ஷ்லீரனுக்கு அடுத்த ஊரான ஊர்டோர்பில் லிம்மாற் பள்ளத்தாக்குக் கிம்னாசியம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வு ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கிறது. சூரிச்சில் படிக்கும் தமிழ் மாணவர்கள் வரும் இலையுதிர் காலத்தில் தங்கள் விழாவுக்கு ஒரு நாள் குறைவாக ஒத்திகை பார்த்து, அந்த மாலையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஜெர்மன் கட்டுரைகளுக்குக் கொடுக்கவேண்டும். எந்த மொழி பேசும் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.